எங்க நர்சம்மா துணி எடுக்கப் போறா

ஏட்டி, இங்ஙன வந்து உக்காரு. விடிஞ்சதுலயிருந்து அந்தப் போனைத் தள்ளித் தள்ளிப் பாக்கியே, மாப்பிள்ளை படமா? ஓ, ஸ்கிரப்பா, ஆஸ்பத்திரி உடுப்பு! சரிதான். மாப்பிள்ளைன்னா ஒரு வாரத்துல முடிவு பண்ணிருப்பே. உடுப்புங்கதாலதான் இம்புட்டு யோசனை.

நாலு வருசம் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சாச்சு, வேலையும் ஆயிட்டு. 'ரெண்டு செட்டு ஸ்கிரப்ஸ் நீங்களே எடுத்துட்டு வந்துருங்க'ன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. எந்த ஆஸ்பத்திரின்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியாத. நாளைக்கு நான் அங்ஙனதான் வந்து படுக்கணும்.

தாத்தாவுக்கு இதுல என்ன தெரியும்னுதானே சிரிக்கே? ஊசி போடுத விவகாரம் எனக்குத் தெரியாது. துணி தெரியும்ட்டி. வாலிபம் பூராவும் குழித்தறியில காலைத் தொங்கப் போட்டுக் கழிச்சவன். இந்தக் கடையநல்லூர்ல தறிச்சத்தம் கேக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்கணும், அப்படி ஒரு காலம். பொறவு துபாய், சவுதின்னு ஆம்பளையாளுவ ஒவ்வொருத்தரா பிளேன் ஏறுனாவ. தறி அடுப்புக்குப் போச்சு. தறி போனாலும் வெரல் மறக்கல. துணியைத் தொட்டா நூல் எத்தனாம் நம்பர்னு இன்னைக்கும் சொல்லிரும்.

உன் தம்பி சொல்லுதான், அமெரிக்காவுல ஃபிக்ஸ்னு ஒரு கம்பெனியாம், 2013-ல ரெண்டு பொம்பளைய சேந்து ஆரம்பிச்சதாம், ஸ்கிரப் வித்தே 2021-ல நியூயார்க் பங்குச்சந்தை ஏறிட்டாவளாம். ஏறட்டும். நம்ம நாட்டுலயும் அதே தினுசுல வித்துக்கிட்டுத்தான் இருக்காவ. நீ காட்டுத படத்தை நானும் பாத்தேன். ஒரு பிள்ளை இடுப்புல கையை வச்சு நிக்கா. வேர்வை இல்ல, கையில டிரே இல்ல, பின்னால கட்டில்ல கெடந்து முனங்குத ஆளு இல்ல. அவளுக்கு அந்தச் சட்டை நல்லாத்தான் இருக்கும். அவ வேலையே நிக்கிறதுதானே!

மொதல்ல கலரு. உனக்கு என்ன கலர் பிடிக்கும்னு எவனும் கேக்கல, அதை மனசுல வச்சுக்கோ. பல ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்சுக்கு ஒரு கலர், டெக்னீசியனுக்கு ஒரு கலர், கூட்டிப் பெருக்குதவங்களுக்கு ஒரு கலர்னு பிரிச்சு வச்சிருக்காவ. நீ பாட்டுக்கு அழகாருக்கேன்னு மயில்கழுத்துக் கலர்ல எடுத்துட்டுப் போயி நின்னு, அங்ஙன அது ஹவுஸ்கீப்பிங் கலரா இருந்தா, மொத நாளே மாப்பைக் கையில குடுத்துருவாவ. மாப்பு பிடிக்கிறதுல கேவலம் ஒண்ணும் இல்ல. சம்பளம்தான் வேற. அதனால நர்சிங் சூப்பிரண்டுகிட்ட கேளு. 'நேவி புளூ'ன்னு வாயால சொன்னா தலையாட்டிட்டு வந்துராத. கடைக்குக் கடை நேவி புளூ மாறும். வேலை பாக்குத பிள்ளை ஒருத்தி சட்டையைப் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.

பச்சையும் நீலமும் ஏன்னு தெரியுமா உனக்கு? காலேஜ்ல சொல்லிக் குடுத்தாவளா? முந்தி ஆபரேசன் ரூம்ல எல்லாம் வெள்ளை. அத்தனை வெளக்குக்குக் கீழ வெள்ளைத் துணி கண்ணைப் பறிக்கும். 1914-ல சான்பிரான்சிஸ்கோவுல ஹாரி ஷெர்மன்னு ஒரு சர்ஜன், இது ஆகாதுன்னு கீரைப் பச்சைக்கு மாத்துனாரு. ரத்தச் செவப்பையே உத்துப் பாத்துட்டுச் சட்டுனு வெள்ளையைப் பாத்தா கண்ணுல பச்சையா ஒரு நிழல் மிதக்கும். சுத்தி இருக்க துணியே பச்சையா இருந்துட்டா அந்த நிழல் தொல்லை பண்ணாது, கண்ணும் செவப்பை நல்லாப் பிரிச்சுப் பாக்கும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பாணி தாங்கல. செவப்புப் பாவு ஏத்திப் பகலெல்லாம் நெய்துட்டு நிமிந்து சுண்ணாம்புச் சுவரைப் பாத்தா எனக்கும் பச்சை பச்சையாத்தான் தெரியும். உங்க ஆச்சி 'பித்தம், சீரகத் தண்ணியைக் குடிங்க'ம்பா. சர்ஜனுக்கு வந்தா கண்டுபிடிப்பு. நெசவாளிக்கு வந்தா பித்தம்.

அடுத்து அளவு. நல்லா இறுக்கமா எடுட்டி. படத்துல அப்படித்தானே இருக்கு. கீழ விழுந்த மாத்திரையைக் குனிஞ்சு எடுக்காத, நோயாளியையே எடுத்துத் தரச் சொல்லு. கட்டில்ல இருந்து ஆளைத் தூக்கணும்னா 'இருங்கய்யா, சட்டை மாத்திட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போ. அவரு காத்துக் கெடப்பாரு, வேற போக்கு?

மூஞ்சியத் தூக்காத. கடையில போட்டுப் பாக்கயில கண்ணாடி முன்னால மசமசன்னு நிக்காத. டிரிப்ஸ் பாட்டில் மாட்டுத உயரத்துக்கு ரெண்டு கையையும் தூக்கு. இடுப்பு தெரிஞ்சா அந்தச் சட்டை வேண்டாம். குத்தவச்சு உக்காந்து எந்திரி. கவுட்டித் தையல் 'சர்ர்'னு மெரட்டுச்சுன்னா பேன்ட்டை அங்ஙனயே போட்டுட்டு வா. முன்னால குனி, கழுத்து வெட்டு வழியா உள்ள தெரியுதான்னு கூட வந்த பிள்ளையைப் பாக்கச் சொல்லு. பேன்ட்டு நீளம் செருப்பு போட்டுப் பாக்கணும். தரையில பெரண்டுச்சுன்னா வார்டுல உள்ள அத்தனை அசிங்கத்தையும் நீதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவே. இடுப்புக்கு எலாஸ்டிக்கும் வேணும், நாடாவும் வேணும். வெறும் நாடா துவைக்கயில உள்ள போயிரும். விடிகாலை டூட்டிக்கு ஊக்கைத் தேடிக்கிட்டு நிப்பே. வெறும் எலாஸ்டிக்கு ஒரு நாள் தளந்துரும். எந்த நாள்னு சொல்லிட்டுத் தளராது.

2023 பிப்ரவரியில அரியானா அரசாங்கம் ஆஸ்பத்திரி ஆளுகளுக்கு உடுப்பு விதி போட்டுது. ஜீன்ஸ் கூடாது, டி-சர்ட் கூடாது, பலாசோ கூடாது, ஒட்டுன பேன்ட் கூடாது, நீள நகம் கூடாது, கனத்த நகை கூடாது, கோணங்கித் தலைமுடி கூடாது. கூடாததைச் சொல்ல அரசாங்கம் இருக்கு. வேணுங்கதைச் சொல்ல நான்தான் இருக்கேன். வேணுங்கது பை. ஆள் பாதி ஆடை பாதிம்பாவ; நர்சுக்கு ஆடையில பாதி பை. பேனா, கத்தரி, மைக்ரோபோர் சுருள், டார்ச், குறிப்பு நோட்டு, போனு எல்லாம் எங்கிட்டு வைப்பே? மார்ப்பையில திணிச்சியோ, நீ குனியும்போதெல்லாம் பேனா நோயாளி நெத்தியில போயி விழும். பக்கப்பை ரெண்டும் முழுக்கை உள்ள போற ஆழம் இருக்கணும். பை வாயோட ரெண்டு மூலையிலயும் குறுக்கத் தட்டுன தையல் கெட்டியா இருக்கான்னு நகத்தால நெருடிப் பாரு. கிழியிறது எப்பவும் அந்த மூலையிலதான்.

இப்பத்தான் என் பாடத்துக்கு வாரேன். துணி. கடைக்காரர் 'நம்பர் ஒன் குவாலிட்டி'ம்பாரு. நம்பர் டூ இருக்கான்னு கேட்டுப் பாரு, அவரு கடையில அப்படி ஒண்ணு பொறக்கவே பொறக்காது. நீ வாயைத் தொறக்காத, வெரலை வேலை செய்ய விடு. துணியை ரெண்டு கையாலயும் கசக்கி நல்லா உரசு. வெள்ளையா மாவு உதுந்துச்சுன்னா அது துணியில்ல, கஞ்சி. மூணு துவைப்புல கஞ்சி கால்வாயில போயிரும், உன் கையில கொசுவலை நிக்கும். வெளிச்சத்துல தூக்கிப் பிடி. பாவும் ஊடையும் நெருங்கி நிக்கணும், கண்ணு கண்ணாத் தெரியப்புடாது. ரெண்டு கட்டை வெரலாலயும் கோணவாட்டுல இழு. இழை வெலகி வழி விட்டா தையல் ஓரம் எல்லாம் நாளைக்கு வாயைப் பொளக்கும். கைக்குட்டையை நனைச்சு உள்பக்கத் தையல்ல தேய். கைக்குட்டையில சாயம் ஏறுனா, உங்கம்மை வெள்ளைச் சேலையும் அதோட சேந்து நேவி புளூ ஆகும். பொறவு பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன்.

'நூறு சதம் காட்டன்'ன்னு சத்தியம் பண்ணுதாரா? உள்தையல்ல பிரிஞ்சு தொங்குத நூலுல ஒரு துண்டு வாங்கிட்டு வா. வாசல்ல வச்சுத் தீக்குச்சியைக் காட்டு. பருத்தின்னா காகிதம் எரியுத வாடை வரும், சாம்பல் ஊதுனா பறக்கும். பாலியஸ்டர்னா சுருண்டு உருகி, ஆறுன பொறவு கடுகுமணியாக் கெட்டிப்படும். ரெண்டும் கலந்ததுன்னா சாம்பலும் வரும், மணியும் வரும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, தையல் நூலை உருவிட்டு வந்துராத. தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், பாவம் நல்ல துணி மேல பழி விழும். கடைக்குள்ள வச்சுத் தீக்குச்சி கிழிச்சுராத தாயி. பேப்பர்ல உன் படம் வாரதுக்கு வேற வழி இருக்கு.

கலந்தது கேவலம்னு நெனைக்காத. தறிக்காரன் சொல்லுதேன், இந்த வேலைக்குச் சுத்தப் பருத்தி கொஞ்சம் சங்கடம். உடம்புக்குச் சொகம், வேர்வையை இழுக்கும், எல்லாம் சரி. ஆனா சுருங்கும், கசங்கும், காய நாளாகும். சித்திரையில பிரச்சினை இல்ல. கருப்பாநதிப் பக்கம் கல்லே காயுது, துணி காயாதா? ஆனியும் ஆடியும் வரட்டும், குற்றாலத்துச் சாரல் இங்ஙனயும் தூத்தும்லா. நேத்து துவைச்சது இன்னைக்கும் ஈரமாக் கெடக்கும். ஈர வாடையோட வார்டுக்குள்ள போனா நோயாளியே ஜன்னலைத் தொறங்கம்பாரு. அதுக்காக முழு பாலியஸ்டரும் வேண்டாம். சீக்கிரம் காயும், ஆனா ஃபேன் மட்டும் சுத்துத வார்டுல அவிச்செடுத்துரும், வேர்வை வாடை துவைச்சாலும் லேசுல விடாது. டெரிகாட்டன்னு நாங்க சொல்லுவோம்லா, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. லேபிள்ல பெரும்பாலும் 65-35-ன்னு போட்டிருக்கும். பருத்திப் பங்கு 35-க்குக் கொறைய வேண்டாம், கூட இருந்தா நம்ம ஊருக்கு நல்லதுதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு ஜி.எஸ்.எம். கணக்கு போட்டிருப்பாவ, 150-லயிருந்து 180 வரைக்கும் பாரு. அதுக்குக் கீழ போனா உள்ள போட்டது தெரியும், மேல போனா நீ வேவே.

நாலு பக்கமும் இழுபடுத துணின்னு ஒண்ணு இப்ப பவுசா விக்காவ. ஸ்பான்டெக்ஸ் கலந்தது. போட்டா சொகம், பொய் சொல்லப்புடாது. ஆனா லேபிளைத் திருப்பிப் பாரு. குளோரின் பிளீச் போடாதம்பான். அந்த இழுவை நூலுக்கு பிளீச் எமன். நெறைய துணியில 40 டிகிரிக்கு மேல சூடு வேண்டாம்னும் அச்சடிச்சிருப்பான். ஆனா பிரிட்டன் சுகாதாரத் துறை நர்சு உடுப்புக்கு என்ன சொல்லுது? 60 டிகிரி சூட்டுல 10 நிமிசம் துவைச்சா கிருமி அனேகமாப் போயிரும்னு சொல்லுது. உன் வேலை 60 கேக்கு, உன் சட்டை 40-ல அழுவுது. ரெண்டு பேருக்கும் ஒத்து வராது, சம்பந்தம் பேசாத. மொதல்ல துவைக்கிற லேபிளைப் படி, பொறவு வெலைச்சீட்டைப் படி. கலரை அதுக்கும் பொறவு பாத்துக்கலாம்.

கைநீளம் பத்திக் கேட்டே. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நர்சிங்தானே படிக்கா, முழுக்கை இல்லாம வாசல் தாண்டாதவ, அவளுக்கும் சேத்துச் சொல்லுதேன். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல 2023 ஜூன்ல ஏழு மாணவிய, ஆபரேசன் தியேட்டருக்குள்ள நீளக்கைச் சட்டையும் தலையை மூடுத உறையும் போட அனுமதிங்கன்னு பிரின்ஸ்பாலுக்கு எழுதிக் குடுத்தாவ. பெரிய சத்தமாப் போச்சு. சத்தம் போட்டவங்க பாதிப் பேரு தியேட்டர் வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டாவ. கேக்கதுல என்ன தப்பு? முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவித்தான் உள்ள போகணும், அது மாறாது. பிரிட்டன்ல 2008-லயிருந்து நோயாளியைத் தொடுதவங்களுக்கு முழங்கைக்குக் கீழ ஒண்ணும் கெடையாது, கைக்கடிகாரம்கூட. ஆனா அவங்களே 2010-ல, மாட்டிட்டுத் தூரப் போடுத முன்கை உறைக்கு இடம் குடுத்தாவ. மணிக்கட்டுலயிருந்து முழங்கை வரைக்கும் மூடும், ஒரு நோயாளிக்கு ஒண்ணுன்னு கழத்திப் போட்டுரணும். ராயல் டெர்பி ஆஸ்பத்திரியில ஃபாரா ரோஸ்லான்ங்கிற இளம் டாக்டரம்மா முயற்சி எடுத்து, ஒரு தடவை கட்டிட்டுத் தூரப் போடுத சுத்தமான தலைத்துணியை 2019 கடைசியில தியேட்டருக்குள்ளயே கொண்டு வந்துட்டா. நம்ம டாக்டர்மாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். 2015-ல மங்களூர்ல படிச்ச டாக்டர் ஒருத்தரு, இந்த முழுக்கை வெள்ளைக் கோட்டை இந்தியாவுல விட்டுத் தொலைங்கன்னு பி.எம்.ஜே.ங்கிற மருத்துவப் பத்திரிகையில எழுதுனாரு. இன்னும் விட்ட பாடு இல்ல. அந்தக் கோட்டுக் கை எத்தனை கட்டில்ல படுதுன்னு நீ எண்ணிப் பாரு, சொல்லிராத.

உனக்கு டூட்டியே தியேட்டர்ல போட்டா, அதுக்குன்னு நீ காசு செலவு பண்ணாத. தியேட்டர் டிரஸ் ஆஸ்பத்திரிச் சொத்து. உள்ள போயி மாத்தணும், அங்ஙனயே கழத்திப் போடணும், அவங்களே வெளுப்பாவ. நீ எடுக்குதது வார்டுக்கு. அந்த வார்டுச் சட்டையையும் போட்டுக்கிட்டே பஸ் ஏறி, புரோட்டாக் கடையில உக்காந்து, சால்னா ஊத்தி, கழுத்துல ஐ.டி. கார்டைத் தொங்கவிட்டு வாரதுக்குப் பேரு பெருமையாம். பக்கத்து எலைக்காரரு நீ யாரோட வாந்தியைத் தொடைச்சிட்டு வந்தேன்னு அறியமாட்டாரு பாவம். ஒரு துணிப்பையில மாத்துச் சட்டை கொண்டு போ. வீட்டுல ஸ்கிரப்புக்குன்னு ஒரு தனி வாளி. ரத்தம் பட்டா மொதல்ல பச்சத்தண்ணி, வெந்நீர் பொறவுதான். மொதல்லயே வெந்நீரை ஊத்துனா கறை நூலைக் கட்டிப் பிடிச்சுக்கும். நல்லாக் காய்ச்சுன தண்ணியில சோப்புத்தூள் போட்டு ஊற வை. உங்க ஆச்சி அடுப்பு மூட்டித் தருவா, அவளுக்கும் ஊர்க்கதை பேச ஒரு ஆள் வேணும்லா.

எங்க எடுக்கணும்னு கேக்கியா? சங்கரன்கோவிலுக்குப் போறேன்னு சொல்லிராத. விசைத்தறிச் சேலைக்குன்னா அந்த ஊரு சரி. நீ போனா சட்டைக்கா அந்த ஊரு பிரியாணிக்கான்னு உங்கம்மை கேப்பா, உனக்குப் பதில் வராது. ஆன்லைன்ல 500 ரூவாய்க்கும் ஒரு செட்டு இருக்கு, 2,000-த்துக்கு மேலயும் இருக்கு. ரெண்டுலயும் தடவிப் பாக்க முடியாது. திருப்பி எடுத்துக்குவானான்னு பாத்துட்டு அமுக்கு. திருநெல்வேலியில மெடிக்கல் காலேஜ் இருக்க ஹைகிரவுண்டுப் பக்கம் போயி சீனியர் பிள்ளையகிட்ட எங்ஙன தைக்காவன்னு விசாரி. நம்ம தெரு டெய்லர்கிட்டயே குடுக்கதுன்னாலும் குடுக்கலாம். துணி வாங்கையில பன்னாவை, அதான் துணி அகலத்தை, சொல்லி எத்தனை மீட்டர்னு அவர்கிட்டயே கேளு, வாங்குன துணியை ஒரு ராத்திரி தண்ணியில நனைச்சுக் காயப் போட்டுட்டு வெட்டக் குடு. தைச்ச பொறவு சுருங்குனா டெய்லரைத் திட்டுவே, அவரு துணிக்காரனைத் திட்டுவாரு, துணிக்காரன் தண்ணியைத் திட்டுவான்.

ரெண்டு செட்டையும் ஒரே நாள்ல எடுத்துராத. சேர இன்னும் நாள் கெடக்கு. ஒண்ணை எடு, வெந்நீர்ல நாலு தடவை துவை, வெயில்ல போடு, திருப்பிப் போட்டுப் பாத்துட்டு ரெண்டாவதுக்குப் போ. பில்லை மட்டும் தொலைச்சுராத. மத்திய அரசு ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு, தெனசரி துவைக்க வேண்டிய உடுப்புங்கதால, 2017 ஜூலையிலயிருந்து மாசம் 1,800 ரூவா உடுப்புப் படி தனியாப் போட்டுக் குடுத்தாவ. உங்க ஆஸ்பத்திரியில எவ்வளவுன்னு கையெழுத்துப் போடுததுக்கு முன்னாலயே கேட்டுரு.